செய்தித்தாளைக் கிழித்துக்கொண்டு வந்தவன்

திரைச்சீலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செய்தித்தாள் தொங்குகிறது. மேடை அளவுக்குப் பெரிதாக்கிய முதல் பக்கம். 'லாஸ் ஏஞ்சல்ஸ் ஹெரால்ட் எக்ஸ்பிரஸ்', 1943 ஜூன் 3. ஸூட் சூட் கூட்டங்கள் நகருக்குள் படையெடுத்து வந்துவிட்டன, கடற்படையை அழைத்திருக்கிறார்கள் என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. தாளின் பின்பக்கத்திலிருந்து ஒரு கத்தி முனை குத்திக்கொண்டு வெளியே வருகிறது. மெல்ல அடிவரை ஒரே கிழி. கிழிசல் வழியாக ஓர் ஆள் இறங்குகிறான். அவனுக்கு அவசரமே இல்லை. காலரைச் சரிசெய்கிறான், சட்டைக் கைமடிப்பை இழுத்துவிடுகிறான், சீப்பை எடுத்து ஒவ்வொரு முடியாகப் பின்னோக்கி வாருகிறான். பிறகு அதே கிழிசலுக்குள் கைவிட்டு, அலமாரியிலிருந்து எடுப்பதுபோலத் தன் நீளக் கோட்டையும் தொப்பியையும் உருவி எடுத்து அணிந்துகொள்கிறான்.

லூயிஸ் வால்டெஸ் எழுதி இயக்கி, 1978இல் லாஸ் ஏஞ்சல்ஸின் மார்க் டேப்பர் ஃபோரம் அரங்கில் மேடையேறிய 'ஸூட் சூட்' இப்படித்தான் தொடங்குகிறது. அந்த ஆளின் பெயர் எல் பச்சூக்கோ. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்க இளைஞர்கள்மீது நீதிமன்றத்திலும் தெருவிலும் நடந்த அநீதியைச் சொல்லும் நாடகம் என்று ஒரு வரியில் அறிமுகம் செய்யலாம். ஆனால் அந்த முதல் நிமிடத்திலேயே நாடகத்தின் சாவி இருக்கிறது. இந்த வழக்கில் உண்மையில் குற்றம் சாட்டப்பட்டது ஒரு துணி. அதற்குத் தீர்ப்பு எழுதியது ஒரு தாள். துணியும் தாளும் எப்படி வந்து மோதிக்கொண்டன என்று தெரிந்தால்தான் வால்டெஸ் ஏன் கத்தியைத் தாளில் இறக்கினார் என்பது பிடிபடும்.

முதலில் துணி. 'ஸூட்' என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் கிடையாது. நாம் 'காபி கீபி' என்கிறோமே, அந்த மாதிரி 'சூட்'டுக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட எதுகை ஒலி அது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஜாஸ் கேட்டு ஆடிய கறுப்பின இளைஞர்களிடம் பரவிய உடை. பஞ்சு வைத்து அகலமாக்கிய தோள், முழங்கால்வரை தொங்கும் கோட்டு, நெஞ்சுக்குக் கீழேயே தொடங்கி முழங்காலில் பலூனாக விரிந்து கணுக்காலில் இறுகும் கால்சட்டை, இடுப்பிலிருந்து தொங்கும் நீளச் சங்கிலி, அகல விளிம்புத் தொப்பி. ஆடும்போது இந்த உடை சுழன்று விரியும், அதற்காகவே தைத்தது. கலிஃபோர்னியாவின் மெக்சிகோ வம்சாவளிப் பையன்கள் இதை எடுத்துக்கொண்டு, கூடவே ஸ்பானியமும் ஆங்கிலமும் கலந்த 'காலோ' என்ற தெருமொழியையும் பேசியபோது பச்சூக்கோ என்று அழைக்கப்பட்டார்கள். அப்பா அம்மாவுக்கு இவர்கள் மெக்சிகர்களாகத் தெரியவில்லை. வெள்ளையர்களுக்கு இவர்கள் அமெரிக்கர்களாகத் தெரியவில்லை.

1942இல் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் கம்பளித் துணிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. சீருடைக்குத் துணி வேண்டும், ஆகவே சாதாரண மனிதனின் கோட்டில் மிச்சம் பிடிக்க வேண்டும். ஒரே நாளில் ஸூட் சூட் துணியை விரயம் செய்யும் உடையானது, அதாவது தேசத்துரோக உடை. ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். அந்த ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆடையே முழு ஆளாகிவிட்டது.

நகரத்தின் மனநிலையையும் சொல்ல வேண்டும். 1930களின் பொருளாதார மந்தத்தில், வேலைக்குப் போட்டி என்று சொல்லி லட்சக்கணக்கான மெக்சிகர்களை ரயிலேற்றி அனுப்பியிருந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். 1942இல் மேற்குக் கடற்கரையின் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரைப் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். அவர்கள் போனபின் நாளிதழ்களுக்கு உள்ளூரில் ஓர் எதிரி தேவைப்பட்டான் என்பது என் ஊகம் மட்டுமல்ல. அடுத்து நடந்த ஒரு கொலை வழக்கில் சிக்கிய பையன்களுக்காகப் போராடியவர்களும் அப்போதே அதைத்தான் சொன்னார்கள்.

1942 ஆகஸ்ட் 2ஆம் தேதி அதிகாலை, நகரத்தின் தென்கிழக்கில் ஒரு பண்ணையை ஒட்டிய நீர்த்தேக்கத்துக்கு அருகே ஹோசே தியாஸ் என்ற 22 வயது இளைஞர் குற்றுயிராகக் கிடந்தார். மருத்துவமனையில் இறந்தார். மெக்சிகோவில் பிறந்தவர், இன்னும் சில நாளில் அமெரிக்க ராணுவத்தில் சேரவிருந்தவர். அந்த நீர்த்தேக்கம் பாசனத்துக்கானது. ஆனால் பொது நீச்சல் குளங்களில் மெக்சிகர்களை விடாத, விட்டாலும் தண்ணீர் மாற்றுவதற்கு முந்தைய நாள் மட்டும் விடுகிற ஊரில், பையன்களுக்கும் பெண்களுக்கும் அதுதான் குளம், அதுதான் காதலர் சந்திக்கும் இடம். அந்த ஆண்டு வானொலியில் ஓயாமல் ஒலித்த ஒரு பாட்டின் பெயரை எடுத்து 'ஸ்லீப்பி லகூன்' என்று பத்திரிகைகள் அதற்குச் சூட்டின. தூங்கும் குளம். கொலைக் கதைக்கு நல்ல தலைப்பு.

அடுத்த சில நாள்களில் போலீஸ் சுமார் 600 இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனது. வேடிக்கை என்னவென்றால், தியாஸ் இறந்து இரண்டே நாளில், ஆகஸ்ட் 4 அன்று, அமெரிக்காவும் மெக்சிகோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வயல் வேலைக்கு ஆளில்லை, மெக்சிகோவிலிருந்து கூலித் தொழிலாளர்களை அனுப்புங்கள் என்று கேட்கும் ஒப்பந்தம்.

கைதானவர்களில் 38ஆம் தெருவைச் சேர்ந்த 22 பேர் ஒரே வழக்கில் நிறுத்தப்பட்டார்கள். வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பெரும் ஜூரியின் முன் ஷெரிஃப் துறையைச் சேர்ந்த எட்வர்ட் டுரான் அயர்ஸ் ஓர் அறிக்கை வைத்தார். மெக்சிகர்களின் உடம்பில் ஓடுவது செவ்விந்திய ரத்தம், அவர்கள் நரபலி கொடுத்த பழைய மெக்சிகோவின் அஸ்டெக்குகளின் வாரிசுகள், ஆகவே கொல்லும் இச்சை அவர்களுக்குப் பிறவியிலேயே உண்டு என்பது அதன் சாரம். காட்டுப் பூனையைக் கூண்டில்தான் வைக்க வேண்டும், வீட்டுப் பூனைபோலப் பழக்க முடியாது என்ற உவமையும் அதில் உண்டு. ஹிட்லரோடு போர் நடந்துகொண்டிருந்த ஆண்டில் ஓர் அமெரிக்க அரசு அலுவலர் தந்த அறிக்கை இது.

அக்டோபரில் நீதிபதி சார்லஸ் ஃப்ரிக்கியின் முன் விசாரணை தொடங்கியது. இங்கேதான் துணி மறுபடி வருகிறது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் முடி வெட்டிக்கொள்ளக் கூடாது, சாட்சிகள் அடையாளம் காட்ட அது வேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டது, நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆரம்ப வாரங்களில் மாற்றுத் துணியும் கிடைக்கவில்லை. கசங்கிய உடையும் பரட்டைத் தலையுமாகத்தான் ஜூரி அவர்களைப் பார்த்தது. வழக்கறிஞர்களிடமிருந்து தள்ளி, தனி வரிசைகளில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் போய்ப் பேச அனுமதி இல்லை. சாட்சி ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெயருக்குரியவன் எழுந்து நிற்க வேண்டும். சாட்சி நல்லதாகச் சொன்னாலும் எழ வேண்டும், கெட்டதாகச் சொன்னாலும் எழ வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு எழுந்து நிற்பவன் எப்போதும் குற்றவாளிதான்.

தியாஸை யார் அடித்தார்கள் என்பதற்கு நேரடிச் சாட்சி ஒருவர்கூட இல்லை. ஆனாலும் 1943 ஜனவரியில் 17 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 12 பேருக்குக் கொலைக் குற்றம். அவர்களில் ஹென்றி லேவாஸ் உட்பட மூவருக்கு முதல்நிலைக் கொலை. கொலைக் குற்றவாளிகள் சான் க்வென்டின் சிறைக்குப் போனார்கள். இந்தக் குழுவோடு பழகிய பெண்கள் சிலரை எந்த விசாரணையும் இல்லாமல் வென்ச்சுராவில் இருந்த சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பையன்களைப் பற்றிப் பேசிய அளவுக்கு அந்தப் பெண்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது தாள். லத்தீன் அமெரிக்க நாடுகளோடு நல்லுறவு தேவைப்பட்ட போர்க் காலம். எதற்கெடுத்தாலும் 'மெக்சிகர்' என்று தலைப்புப் போடாதீர்கள் என்று 1942இன் பிற்பகுதியில் மத்திய அரசு லாஸ் ஏஞ்சல்ஸ் நாளிதழ்களைக் கேட்டுக்கொண்டது. நாளிதழ்கள் சொல்லை மாற்றின, செய்தியை மாற்றவில்லை. 'மெக்சிகர்' போய் 'ஸூட் சூட்டர்' வந்தது. யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இனப் பெயரைச் சொன்னால் யாராவது கண்டிக்கலாம். கோட்டைத் திட்டினால் யார் கேட்பது?

தீர்ப்பு வந்து ஐந்து மாதத்தில் அது தெருவுக்கு வந்தது. 1943 ஜூன் 3 இரவு, சாவேஸ் ரவீன் பகுதியிலிருந்த கடற்படைப் பயிற்சிக் கூடத்திலிருந்து சுமார் 50 மாலுமிகள் தடிகளோடு கிளம்பினார்கள். மறுநாள் ஏறக்குறைய 200 பேர் டாக்சிகளைப் பிடித்துக்கொண்டு கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஊர்வலமாகப் போனார்கள். ஜூன் 7ஆம் தேதி நகர மையத்தில் திரண்ட சிப்பாய்களும் பொதுமக்களும் ஆயிரக்கணக்கில். சினிமா கொட்டகைக்குள் புகுந்து விளக்கைப் போடச் சொல்லி, பையன்களை இருக்கையிலிருந்து இழுத்து வந்தார்கள். டிராமை மறித்தார்கள். அடிப்பதோடு விடவில்லை: கோட்டை உருவினார்கள், கால்சட்டையைக் கிழித்தார்கள், முடியை வெட்டினார்கள், உள்ளாடையோடு நடைபாதையில் விட்டுவிட்டுப் போனார்கள். ஸூட் சூட் போடாத மெக்சிகர்களும், கறுப்பினத்தவரும், பிலிப்பைன்ஸ்காரர்களும் அடிவாங்கினார்கள். போலீஸ் பின்னாலேயே வந்து, அடிபட்டுக் கிடந்தவர்களைக் கைது செய்தது. கடைசியில் ராணுவமே நகரத்துக்குள் போகத் தன் சிப்பாய்களுக்குத் தடை விதித்தபின்தான் அடங்கியது. நகர மன்றமோ ஸூட் சூட் அணிவதைக் குற்றமாக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது, அது சட்டமாகவில்லை. இதற்கு வேர் இனப் பாகுபாடுதான் என்று ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் சொன்னபோது, 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' அவரைக் கம்யூனிஸ்டுகளின் குரலில் பேசுவதாகச் சாடியது.

ஸ்லீப்பி லகூன் பையன்களுக்காக எழுத்தாளரும் வழக்கறிஞருமான கேரி மெக்வில்லியம்ஸ் தலைமையில் ஒரு பாதுகாப்புக் குழு இயங்கியது. ஆர்சன் வெல்ஸ், ஆன்தனி க்வின் போன்ற திரைக் கலைஞர்கள் ஆதரவு தந்தார்கள். குழுவின் செயலாளர் ஆலிஸ் கிரீன்ஃபீல்ட், பின்னாளில் ஆலிஸ் மெக்ராத் என்று அறியப்பட்டவர், சிறைக்குப் போய்ப் போய்ப் பையன்களைப் பார்த்துவிட்டு வந்தார். 1944 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனைகளை ரத்து செய்தது. ஆதாரம் போதாது, வழக்கறிஞரோடு பேசும் உரிமை மறுக்கப்பட்டது, நீதிபதியின் நடத்தை சரியில்லை என்பவை காரணங்கள். பையன்கள் வெளியே வந்தார்கள். ஆனால் இந்த வழக்கு இன வெறுப்பில் பிறந்தது என்று சொல்ல ஆவணத்தில் இடமில்லை என்றும் அதே தீர்ப்பு எழுதிவைத்தது.

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் முக்கியமாகப் படுகிறது. விடுதலை கிடைத்துவிட்டது, காரணம் மட்டும் பதிவாகவில்லை. 34 ஆண்டுகள் கழித்து ஒரு நாடகம் தேவைப்பட்டது இந்த இடைவெளியில்தான்.

வால்டெஸ் 1940இல் கலிஃபோர்னியாவின் டெலானோவில் பிறந்தவர்; பெற்றோர் அறுவடை தேடி ஊர் ஊராகப் போன விவசாயக் கூலிகள். 1965இல் அதே டெலானோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சீசர் சாவேஸின் சங்கத்தோடு சேர்ந்து 'எல் தியாத்ரோ காம்பெசினோ' என்ற விவசாயிகள் நாடகக் குழுவைத் தொடங்கினார். லாரியின் பின்தட்டுதான் மேடை. தொழிலாளர்களே நடிகர்கள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டால் ஒருவன் முதலாளி, இன்னொருவன் கருங்காலி. பத்து நிமிட நையாண்டிக் காட்சி. முடிவில் பார்ப்பவன் சங்கத்தில் சேர வேண்டும். அந்த அட்டைப் பாணியிலிருந்து வந்தவர் என்பதால்தான், பெரிய அரங்கின் இயக்குநர் கார்டன் டேவிட்சன் லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றி நாடகம் கேட்டபோது, வால்டெஸால் ஒரு நகரத்தின் பத்திரிகை உலகத்தையே ஒரு பாத்திரமாக்க முடிந்தது.

ஆம், நாடகத்தில் 'பத்திரிகை' என்பது ஒரு பாத்திரத்தின் பெயர். நீதிமன்றக் காட்சியில் அரசு வழக்கறிஞராக எழுந்து வாதாடுவது அவர்தான். முடி வெட்டக் கூடாது என்ற உத்தரவை நியாயப்படுத்துவதும் அவர்தான். நீதிபதி உட்காருவது செய்தித்தாள் கட்டுகளின்மேல். வீட்டில் அம்மா துவைத்துக் காயப்போடும் துணிகள்கூடச் செய்தித்தாள்கள். விளக்க உரை ஒன்றும் கிடையாது, நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான்: இந்தக் குடும்பத்தின் கொடிக்கயிறுவரை தாள் வந்துவிட்டது.

கதைநாயகன் ஹென்றி ரெய்னா, லேவாஸின் மேடை வடிவம். மறுநாள் கடற்படையில் சேரப்போகிறவனைத்தான் போலீஸ் பிடிக்கிறது. எல் பச்சூக்கோ அவனுடைய இன்னொரு மனம். அவன் கண்ணுக்கும் நம் கண்ணுக்கும் மட்டும் தெரிகிறவன். விரலைச் சொடுக்கினால் காட்சி உறைந்து நிற்கும், மறுபடி சொடுக்கினால் ஓடும். கதைக்குள்ளும் நிற்பான், வெளியே வந்து சபையோடும் பேசுவான். கூத்தில் கட்டியங்காரனைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இவனைப் புரிந்துகொள்ள உரை வேண்டாம். ஆனால் இவன் சிரிக்க வைக்க வந்தவன் அல்ல; ஹென்றிக்குத் துணிச்சலும் தருவான், குழியும் பறிப்பான். கடலுக்கு அப்பால் நடக்கும் போரை மற, உன் போர் இங்கே வீட்டு வாசலில் என்று தொடக்கத்திலேயே அவனிடம் சொல்கிறான்.

ஒரு காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நடன இரவு. எதிர்க் கோஷ்டித் தலைவனோடு ஹென்றிக்குச் சண்டை. இருவர் கையிலும் கத்தி. ஹென்றி அவனைக் கீழே தள்ளிக் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டான். பச்சூக்கோ சொடுக்குகிறான், எல்லாம் உறைகிறது. இவனைக் கொல்லாதே என்கிறான். இந்த நாடகத்துக்கு இப்போது வேண்டியது அதுதானே, இரண்டு மெக்சிகர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வது என்று நக்கலாகச் சொல்லிவிட்டு, அதைப் பார்க்கத்தானே எல்லோரும் வந்திருக்கிறார்கள் என்று அரங்கைக் காட்டுகிறான். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவருக்குச் சுருக்கென்று தைக்கும். கொட்டை எழுத்துத் தலைப்பைப் படித்தவரும் இதே கூட்டம்தான் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறார் வால்டெஸ். முதல் பாகம் தண்டனைத் தீர்ப்போடு முடிகிறபோதும் இதே குறும்பு. நெஞ்சு அடைத்து உட்கார்ந்திருப்பவர்களிடம், வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வாருங்கள் என்று இடைவேளை விடுகிறான் பச்சூக்கோ.

இரண்டாம் பாகத்தில் கலவரம். ஹென்றியின் தம்பி ரூடி, அண்ணனின் சூட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போகிறான். மாலுமிகள் சூழ்கிறார்கள். அந்த இடத்தில் அடியை வாங்கிக்கொள்வது பச்சூக்கோ. கூட்டம் விலகியதும் அவன் எழுந்து நிற்கிறான். அத்தனை நேரம் மடிப்புக் கலையாமல் இருந்த உடை முழுவதும் போய், இடுப்பில் ஒரு கோவணத்துண்டு மட்டும். கைகளை விரிக்கிறான். சங்கு ஒலிக்கிறது, அஸ்டெக் சங்கு. அடிபட்டவன் ஓடவில்லை, ஹென்றியைப் பார்த்தபடி மெல்லப் பின்வாங்கி இருளுக்குள் போகிறான். அயர்ஸ் அறிக்கை எந்த அஸ்டெக் மூதாதையைச் சொல்லி இவர்களைக் கொலைகாரர்கள் என்றதோ, அந்த மூதாதையையே கம்பீரமாக மேடையில் நிறுத்திவிட்டார் வால்டெஸ். அம்மணப்படுத்தப்பட்ட ரூடி இன்னும் சில காட்சிகள் கழித்து அமெரிக்க மரைன் படைச் சீருடையில் வீடு திரும்புகிறான்.

குறைகளும் உண்டு. பையன்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் ஜார்ஜ் ஷிப்லி மேடையில் ஜார்ஜ் ஷியரர் ஆகிறார். ஆலிஸ் கிரீன்ஃபீல்ட், ஆலிஸ் புளூம்ஃபீல்ட் ஆகிறார். பெயர் மாறியதில் பிரச்சினை இல்லை. ஆலிஸுக்கும் ஹென்றிக்கும் இடையே நாடகம் வைக்கும் காதல்தான் உறுத்துகிறது. உண்மையில் அப்படி எதுவும் இருந்ததில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அந்தப் பாதுகாப்புக் குழுவில் உழைத்த மெக்சிகோ வம்சாவளியினரின் பங்கு மேடையில் மெலிந்துவிடுகிறது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வந்து காப்பாற்றினாள் என்று எடுத்துக்கொள்ள இடம் கொடுத்துவிடுகிறது. ஹென்றியின் காதலி டெல்லா சீர்திருத்தப் பள்ளியில் கழித்த காலமும் சில வசனங்களோடு முடிகிறது. நிகழ்வும் கற்பனையும் கலந்த கட்டுமானம் இது என்று பச்சூக்கோ முதலிலேயே சபையிடம் சொல்லிவிடுவது உண்மைதான். அது நாடகத்துக்குச் சுதந்திரம் தருகிறது. எல்லாத் தேர்வுகளுக்கும் மன்னிப்பு வாங்கித் தந்துவிடாது.

லாஸ் ஏஞ்சல்ஸில் நாடகம் பிய்த்துக்கொண்டு போனது. நாடக அரங்கின் வாசலையே மிதித்திராத சிக்கானோ (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்) குடும்பங்கள் தாத்தா பாட்டியோடு வந்தன. மேடையில் தாத்தாவின் இளமைக்கால உடை. ஹாலிவுட்டின் அக்வேரியஸ் அரங்குக்கு மாறி மாதக்கணக்கில் ஓடியது. 1979 மார்ச்சில் நியூயார்க்கின் பெரிய நாடக வட்டாரமான பிராட்வேயின் வின்டர் கார்டன் அரங்குக்குப் போனது. சிக்கானோ நாடகம் ஒன்று பிராட்வேயை எட்டியது அதுவே முதல் முறை. நியூயார்க் விமர்சகர்கள் தாளித்துவிட்டார்கள். 41 காட்சிகளோடு மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. பச்சூக்கோவாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸுக்கு பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுப் பரிந்துரை கிடைத்தது. தாள்களின் அதிகாரத்தைப் பற்றிய நாடகத்தைத் தாள்களே கவிழ்த்தன என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அது முழுக்கச் சரியல்ல. மேற்குக் கரையின் நினைவு கிழக்குக் கரையில் யாருக்கும் இல்லை என்பதும் காரணம். 1981இல் வால்டெஸே அதைத் திரைப்படமாக்கினார், அக்வேரியஸ் அரங்குக்குள்ளேயே, சில வாரங்களுக்குள்.

முடிவை வால்டெஸ் ஒன்றாக வைக்கவில்லை. விடுதலையாகி வீட்டுக்கு வந்த ஹென்றியை நடுவில் நிறுத்திவிட்டு, அவன் எதிர்காலத்தை ஆளாளுக்குச் சொல்கிறார்கள். பத்திரிகை சொல்கிறது: 1947இல் மறுபடி சிறை, பிறகு போதை, 1972இல் மரணம். ரூடி சொல்கிறான்: கொரியப் போரில் வீரமரணம், உயரிய பதக்கம். ஆலிஸ் சொல்கிறாள்: டெல்லாவை மணந்தான், ஐந்து பிள்ளைகள், சிலர் பல்கலைக்கழகத்தில், தங்களைச் சிக்கானோ என்று சொல்லிக்கொள்கிறார்கள். நிஜ ஹென்றி லேவாஸ் 1971இல் இறந்தார். ஹோசே தியாஸைக் கொன்றது யார் என்பது இன்றுவரை தெரியாது. நாடகத்திலும் அவருக்கு இடம் குறைவுதான்.

2017இல் மார்க் டேப்பர் ஃபோரத்தின் ஐம்பதாவது பருவத்துக்கு வால்டெஸ் இதே நாடகத்தை அதே அரங்கில் மறுபடி இயக்கினார். மெக்சிகோ நடிகர் டெமியான் பிச்சிர் பச்சூக்கோவானார். 1978இல் ஹென்றியாக நின்றவர் இயக்குநரின் தம்பி டேனியல் வால்டெஸ். இந்த முறை அவர் ஹென்றியின் அப்பா. அன்று காதலி டெல்லாவாக நடித்த ரோஸ் போர்ட்டியோ, இன்று அம்மா.